ஆங்கிலச் சொற்களும் நம் சமுதாய வரலாறும்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் இருத்தல் மொழிக்குச் செல்வம் என்பர். தமிழில் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் அத்தகைய சொற்களைத் தொகுத்து வைத்தன. ஆங்கிலத்தில் இச்செல்வம் இன்னும் மிகுதி. பழைய ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இலத்தீனும் கலந்தமையால், ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் அம்மொழியில் வழங்குகின்றன. நம் மாணவர் அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். இச்சொல்லுக்கு அச்சொல் சமம் என்று கோடிட்டு இணைத்து மதிப்பெண்ணும் பெறுகின்றனர். தேர்வுத்தாளில் அவை சமமாகவே இருக்கட்டும். வாழ்க்கையில் அவை சமமல்ல.

இதற்குச் சான்று தேடி வெளியே செல்ல வேண்டுவதில்லை. நம் சமுதாயத்தை எந்த ஆங்கிலச் சொல்லால் அழைப்பது என்பது பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்து வந்துள்ளது. அவ்வழக்கில் நம் முன்னோர் வாதாடினர். ஒரு சொல்லை மறுத்து வேறு சொல்லைக் கேட்டனர். அரசாங்கம் சில வேளை இசைந்தது. சில வேளை மறுத்தது. ஒவ்வொரு சொல் மாற்றத்தின் பின்னும் நிலமும், வாக்கும், பள்ளியும், மானமும் இருந்தன. அவ்வரலாற்றைச் சங்கத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது பயனுடைத்து என்று கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

நம் சொல்லே நமக்கு இழிசொல்லாயிற்று

ஆங்கிலேயர் இந்நாட்டிற்கு வந்த தொடக்கக் காலத்திலேயே, அதாவது 17ஆம் நூற்றாண்டிலேயே, 'பறையர்' என்ற தமிழ்ச் சொல்லை எடுத்துத் தம் மொழியில் 'பரையா' என்று எழுதலாயினர். நாளடைவில் அது ஒரு மக்கட் பிரிவின் பெயராக மட்டும் நில்லாது, விலக்கி வைக்கப்பட்டவன் எவனுக்கும் ஐரோப்பாவில் வழங்கும் பொதுச் சொல்லாயிற்று. இன்றும் உலக நாடுகள் ஒதுக்கிய ஒரு நாட்டை ஆங்கிலச் செய்தித்தாள்கள் அச்சொல்லாலேயே குறிக்கின்றன. எழுதுவோர்க்கு அது தமிழகத்தில் உழைத்து வாழும் மக்களின் பெயர் என்பது நினைவில் இருப்பதில்லை. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய சொல் கடல் கடந்து போய் வசைச்சொல்லாகத் திரும்பி வந்தது.

அதனோடு வழங்கும் மற்றொரு சொல் 'அவுட்காஸ்ட்' என்பது. ஒலியால் ஒன்றாய் இருப்பினும் ஆங்கிலத்தில் இஃது இரு சொற்கள். ஒன்று, தூக்கி எறியப்பட்டவன் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். மற்றொன்று, சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' என்ற சொல்லோடு சேர்ந்து இந்தியச் சூழலில் பிறந்தது. எழுத்தில் இறுதியில் ஓரெழுத்து மிகும். 'காஸ்ட்' என்பதும் ஆங்கிலமன்று, போர்த்துக்கீசியர் தந்தது. எறியப்பட்டவன் என்றால் எறிந்தவன் யார் என்ற கேள்வி எழும். சாதிக்குப் புறம்பானவன் என்றால் அக்கேள்வி எழுவதில்லை. ஓரெழுத்து மிகுந்ததால் ஒரு கேள்வி மறைந்துபோனது.

இப்பெயரை என்ன செய்வது என்பதில் நம் முன்னோர் இருவர் இருவேறு வழிகளில் சென்றனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893ஆம் ஆண்டில் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரால் இகழ்ந்தார்களோ அப்பெயராலேயே நிமிர்ந்து நிற்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அவர்களோ அப்பெயர் பிறர் சுமத்தியது என்று மறுத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று இதழ் தொடங்கினார். சுமத்தப்பட்ட பெயரைக் கழற்றி, தமக்குரிய பழம்பெயரைச் சூடிக்கொள்வது அவர் வழி. இரண்டும் மானத்தின் வழிகளே. இருவரும் பெயர் என்பது அற்பமன்று என்று அறிந்திருந்தனர் என்பதே நாம் கருதத்தக்கது.

ஒரு வேரில் மூன்று சொற்கள்

அரசாங்க ஏடுகளில் 'பரையா' என்ற சொல் நெடுநாள் வழங்கியது. நம் திண்டிவனத்திற்கு வடக்கே அடுத்திருக்கும் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு அளித்த புகழ்பெற்ற அறிக்கையின் தலைப்பிலும் அச்சொல்லே உள்ளது. அவ்வறிக்கையின் பயனாகவே 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யும் ஆணை பிறந்தது. பின்னர் மெல்ல மெல்ல வேறொரு சொல் அரசாங்க வழக்கில் இடம்பெற்றது. அதுதான் 'டிப்ரெஸ்ட் கிளாசஸ்' என்பது. 1906இல் பம்பாயில் வித்தல் ராம்ஜி ஷிண்டே தொடங்கிய தொண்டு நிறுவனமும் அச்சொல்லையே தன் பெயரில் கொண்டிருந்தது.

இவ்விடத்தில் சிறிது நின்று அச்சொல்லை ஆராய்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'டிப்ரெஸ்ட்', 'சப்ரெஸ்ட்', 'ஒப்ரெஸ்ட்' என மூன்று சொற்கள் உள. மூன்றுக்கும் வேர் ஒன்றே: அழுத்துதல் என்னும் பொருளுடைய 'பிரெஸ்'. அச்சகத்தை நாம் 'பிரெஸ்' என்பதும் அவ்வேரினாலேயே. முன்னே சேரும் இலத்தீன் ஒட்டு மட்டுமே வேறுபடும். 'டி' என்பது கீழ்நோக்கி. 'சப்' என்பது அடியில். 'ஒப்' என்பது எதிராக.

பொருள் வேறுபாட்டை எடுத்துக்காட்டால் விளக்கலாம். தட்டச்சுப் பொறியின் விசையை விரலால் அழுத்துவதற்கு ஆங்கிலத்தில் 'டிப்ரெஸ்' என்பர். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் அதுவும் 'டிப்ரெஷன்', 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் 'டிப்ரெஷன்', மனச்சோர்வும் 'டிப்ரெஷன்'. இவற்றில் எல்லாம் நிலைமை தெரிகிறது, செய்தவன் தெரிவதில்லை. வங்கக் கடலைத் தாழ்த்தியவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. இருமலை அடக்குவதும், கிளர்ச்சியை ஒடுக்குவதும், செய்தியை வெளிவராது தடுப்பதும் 'சப்ரெஸ்'. அடக்கப்படுவதற்கு எழும் ஆற்றல் உண்டு, அதனை ஒரு கை அமுக்கி வைத்திருக்கிறது என்பது அச்சொல்லில் அடங்கும். 'ஒப்ரெஸ்' என்பதோ இன்று மனிதரைப் பற்றியே பெரிதும் வழங்கும் சொல். விசையையும் இருமலையும் 'ஒப்ரெஸ்' செய்ய முடியாது. அதற்கு ஒடுக்குவோன் ஒருவன் வேண்டும், ஒடுக்கப்படுவோன் ஒருவன் வேண்டும், இருவருக்கும் இடையே அநீதி ஒன்றும் வேண்டும்.

இவ்வேறுபாட்டைப் பெரியோர் அறியாமல் இல்லை. காந்தியடிகள் 1920இல் தம் 'யங் இந்தியா' இதழில், விவேகானந்தர் இம்மக்களை 'சப்ரெஸ்ட்' என்று குறித்ததை எடுத்துக்காட்டி, 'டிப்ரெஸ்ட்' என்பதைவிட அதுவே பொருத்தமான சொல் என்று எழுதினார். அடக்கியவர் உண்டு என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது அல்லவா?

பெருந்தலைவர் எம்.சி. இராஜா தேர்ந்த சொல்

பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கி, பாடநூல்களும் எழுதிய பெருந்தலைவர் எம்.சி. இராஜா அவர்கள் (1883–1943) 1920 முதல் சென்னைச் சட்டசபையில் நம் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். அவர் முயற்சியால் 1922 ஜனவரியில் சட்டசபையில் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. அரசாங்க ஏடுகளில் 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்' என்றும், தெலுங்குப் பகுதியில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுதுக என்பது அத்தீர்மானம். அவ்வாண்டு மார்ச் திங்களில் அரசாணையும் பிறந்தது. 'பஞ்சமர்' என்றால் நான்கு வருணங்களுக்குப் பின் எண்ணப்பட்ட ஐந்தாமவர். 'ஆதி' என்றால் முதல்வர். ஐந்தாம் இடத்திலிருந்து முதல் இடத்திற்கு வந்தது அச்சொல் மாற்றத்தின் உட்பொருள்.

1925இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'தி ஒப்ரெஸ்ட் இந்துஸ்'. அரசாங்கம் எழுதுவது 'டிப்ரெஸ்ட்'. தொண்டு நிறுவனங்கள் எழுதுவதும் 'டிப்ரெஸ்ட்'. தம் சொந்த நூலின் முகப்பிலோ அவர் 'ஒப்ரெஸ்ட்' என்று எழுதினார். மூன்று சொற்களுள் ஒடுக்கியவனைக் கூண்டில் ஏற்றும் சொல் எதுவோ அதையே தேர்ந்தார். இன்னொன்றும் காண்க. 1926இல் அகில இந்திய அளவில் அமைந்த சங்கத்திற்கு அவர் தலைவரானபோது, அச்சங்கத்தின் பெயரில் 'டிப்ரெஸ்ட் கிளாசஸ்' என்பதே இருந்தது. அரசாங்கத்தோடு பேசுவதற்கு அரசாங்கம் அறிந்த சொல் வேண்டும். உலகோடு பேசுவதற்கு உண்மையான சொல் வேண்டும். இரண்டையும் இடமறிந்து ஆண்டார்.

இவ்விடத்தில் நம் தாய்மொழி செய்த உதவியையும் சொல்ல வேண்டும். 'டிப்ரெஸ்ட்' என்பதைத் தமிழாக்கும்போது 'தாழ்ந்தோர்' என்றும் எழுதலாம். 'தாழ்த்தப்பட்டோர்' என்றும் எழுதலாம். தாழ்ந்தோர் என்பது தன்வினை: தாமே தாழ்ந்தவர் என்றாகும். தாழ்த்தப்பட்டோர் என்பது பிறவினையும் செயப்பாட்டுவினையும் சேர்ந்தது: பிறரால் தாழ்த்தப்பட்டவர் என்றாகும். ஆங்கிலச் சொல் மறைத்த எழுவாயைத் தமிழ்ச் சொல் வெளிக்கொணர்ந்தது. 'தாழ்த்தப்பட்டோர்' என்பதும் 'ஒடுக்கப்பட்டோர்' என்பதும் மேடையிலும் ஏட்டிலும் நிலைபெற்றன. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படிக்கும்போது சலிப்புறும் மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இலண்டன் மாநகரில் ஒரு விண்ணப்பம்

இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் சார்பாளராக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கலந்துகொண்டனர். சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். ஒரு சொல் மாறினால் ஒருவன் விடுதலை பெறுவதும் சிறை செல்வதும் உண்டு என்பதை அத்தொழிலில் அன்றாடம் கண்டிருப்பார். 1931 நவம்பரில் இருவரும் கையொப்பமிட்டு அளித்த துணைக் கோரிக்கை மனுவில் பெயர் மாற்றம் பற்றி ஒரு பகுதி உண்டு. 'டிப்ரெஸ்ட் கிளாசஸ்' என்பது இழிவு தருவது. அதற்கு மாறாகச் சாதியற்ற இந்துக்கள் என்றோ, 'பிராட்டஸ்டன்ட் இந்துக்கள்' என்றோ, 'நான்கன்பார்மிஸ்ட் இந்துக்கள்' என்றோ அழைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இப்பெயர்கள் இன்று வியப்பாகத் தோன்றலாம். அவை இங்கிலாந்தின் சமய வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பழைய திருச்சபையின் ஆதிக்கத்தை எதிர்த்து நின்றோர் 'பிராட்டஸ்டன்ட்'. எதிர்ப்புத் தெரிவித்தவர் என்பது அதன் வேர்ப்பொருள். அரசு ஏற்ற திருச்சபையின் ஒழுங்குக்கு இசையாதோர் 'நான்கன்பார்மிஸ்ட்'. எனவே, நாங்கள் வீழ்ந்து கிடப்போர் அல்லோம், இசைய மறுத்து எதிர்த்து நிற்போர் என்பதை ஆங்கிலேயர்க்கு விளங்கும் சொல்லால் அவர்கள் உரைத்தனர். கேட்போன் யார் என்பதை அறிந்து சொல்லைத் தேர்ந்த திறம் இது.

அதே 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆணையராயிருந்த ஹட்டன் 'எக்ஸ்டீரியர் காஸ்ட்ஸ்' என்ற சொல்லை ஆண்டார். வெளியே நிற்கும் சாதிகள் என்பது பொருள். வெளியே தள்ளப்பட்டவர் என்று கொள்ளலாகாது என்பது அவர் விளக்கம். அடுத்த ஆண்டு வாக்குரிமைக் குழுவிற்கு அளித்த குறிப்பில் அண்ணல் அம்பேத்கர் அச்சொல்லையோ, விலக்கப்பட்டோர் எனப் பொருள்படும் 'எக்ஸ்குளூடட்' என்பதையோ ஏற்கலாம் என்றார். வெளியே நிற்பவர், விலக்கப்பட்டவர்: இங்கும் முன்னது நிலைமை, பின்னது பிறர் செயல்.

அட்டவணை என்னும் உலர்ந்த சொல்

1932 செப்டம்பர் 24ஆம் நாள் புனா ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. மாகாணச் சட்டசபைகளில் நம் மக்களுக்கு மொத்தம் 148 இடங்கள். அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30. இடங்களை ஒதுக்கிய பின் ஒரு கேள்வி எழுந்தது. இவ்விடங்களுக்கு உரியோர் யாவர்? 'டிப்ரெஸ்ட்' என்ற சொல்லுக்கு எல்லை இல்லை. வறியோரும் தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்ளலாம். உரியோரையும் அரசாங்கம் அல்லர் என்று மறுக்கலாம். வாக்குரிமைக் குழுவின் விசாரணையில், நம் மக்களின் எண்ணிக்கையைச் சில மாகாணங்களில் குறைத்துக் காட்ட முயற்சி நடந்தது. சொல்லின் எல்லை சுருங்கினால் மக்களின் எண்ணிக்கை சுருங்கும். எண்ணிக்கை சுருங்கினால் இடமும் சுருங்கும்.

இதற்கு விடையாக 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. 1936இல் அட்டவணை ஆணை வெளியாயிற்று. 'லிஸ்ட்' என்றாலும் பட்டியல். 'ஷெட்யூல்' என்றாலும் பட்டியல். ஆனால் கடைக்காரர் எழுதும் மளிகைப் பட்டியல் 'லிஸ்ட்'. சட்டத்தோடு இணைந்து சட்டத்தின் வலிமை பெற்ற பட்டியல் 'ஷெட்யூல்'. இச்சொல்லில் இரக்கம் இல்லை, இகழ்ச்சியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் காணும் சொல்லைப் போல உலர்ந்த சொல். அதன் சிறப்பும் அதுவே. 'டிப்ரெஸ்ட்' என்று அழைக்கப்பட்டவர் மனமிரங்குமாறு கேட்க வேண்டியிருந்தது. 'ஷெட்யூல்டு' என்று எழுதப்பட்டவர் அட்டவணையைக் காட்டி உரிமையைக் கேட்கலாம். 1942இல் அண்ணல் தம் கட்சிக்கு 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன்' என்று பெயரிட்டார். 1950இல் அரசமைப்பின் 341ஆம் பிரிவின்படி வெளியான ஆணையும் இச்சொல்லையே நிலைநிறுத்தியது.

சட்டம் கைவிட்ட பழைய சொல் முற்றும் மறைந்துவிடவில்லை. நம் பகுதியில் பஞ்சமி நிலத்தை 'டி.சி. நிலம்' என்று முதியோர் சொல்வர். அந்த 'டி.சி.' என்பது 'டிப்ரெஸ்ட் கிளாஸ்' என்பதன் சுருக்கம். அந்நிலத்தை ஒப்படை செய்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனையில் 'ஏலியனேட்' என்ற சொல் வரும். அதனை விற்பனை என்று மட்டும் கொள்வது தவறு. விற்பது 'செல்'. 'ஏலியனேட்' என்பதோ விற்பனை, அடமானம், தானம், குத்தகை என எவ்வகையாலும் பிறர் கைக்குப் போகவிடுதல். அடமானம்தானே வைத்தோம், விற்கவில்லையே என்று எண்ணுவோர் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். பழைய ஆவணம் வைத்திருப்போர் வீட்டில் அவ்வொரு சொல்லைப் படித்துக் காட்ட வல்ல பிள்ளை ஒருவன் இருப்பது பெருங்காவல்.

இனிய சொல்லும் உண்மைச் சொல்லும்

புனா ஒப்பந்தத்தை ஒட்டி 1932 செப்டம்பர் இறுதியில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் ஒன்று அமைந்தது. தீண்டாமையை எதிர்ப்பது அதன் பெயரிலேயே இருந்தது. பின்னர் அதன் பெயர் 'ஹரிஜன் சேவக் சங்கம்' என மாறியது. எதிர்ப்பு என்ற சொல் போய்ச் சேவை என்ற சொல் வந்தது. 1933 பிப்ரவரியில் காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழைத் தொடங்கினார். கடவுளின் மக்கள் என்பது பொருள். இனிய சொல்லே. ஆயினும் இவர்கள் மட்டும் கடவுளின் மக்கள் என்றால் மற்றையோர் யாருடைய மக்கள் என்று கேட்டனர் நம்மவர். 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவில் அச்சொல்லை எழுத முற்பட்டபோது, அண்ணல் அம்பேத்கர் தம் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். எங்களுக்குரிய பெயரை எங்களைக் கேட்டு வையுங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

தமிழகத்திலும் இச்சொல் நெடுநாள் ஆட்சி செய்தது. தொழிலாளர் ஆணையரின் கீழ் நம் பிள்ளைகளுக்கென நடந்த பள்ளிகள் முதலில் 'லேபர் ஸ்கூல்' எனப்பட்டன. பின்னர் 'ஹரிஜன நலப் பள்ளி' ஆயின. அதன்பின் 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' ஆயின. நம் தாத்தா படித்த பள்ளியும், தந்தை படித்த பள்ளியும், பிள்ளை படிக்கும் பள்ளியும் ஒரே கட்டடமாய் இருக்கலாம், பெயர்ப்பலகை மூன்றாகும். 1982இல் சாதிச் சான்றிதழ்களில் 'ஹரிஜன்' என்று எழுதலாகாது என்று நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அச்சொல்லை இழிவுபடுத்தும் நோக்கோடு ஆளுவதைக் கண்டித்தது.

இதற்கு நேர்மாறாக, அண்ணல் தம் நூல்களின் தலைப்புகளில் 'அன்டச்சபிள்ஸ்' என்ற கடுஞ்சொல்லையே எழுதினார். 1945இலும் 1948இலும் வெளிவந்த இரு பெருநூல்கள் அதற்குச் சான்று. சட்டத்தில் பெயர் கேட்டபோது மானமுள்ள சொல்லைக் கேட்டார். வரலாறு எழுதியபோது நோயை நோயின் பெயராலேயே எழுதினார். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அங்கு அச்சொல் மேற்கோள் குறிக்குள் நிற்கிறது. அதற்கு வரையறை தரப்படவில்லை. வரையறை தந்தால் அதற்குள் அடங்காது தப்புவோர் இருப்பர் அல்லவா?

1972இல் மராட்டியத்தில் இளைஞர் அமைப்பொன்று 'தலித்' என்ற சொல்லைத் தன் பெயரில் தாங்கி எழுந்தது. நசுக்கப்பட்டோர் என்பது பொருள். இன்று அஃது ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது. 2018இல் ஊடகங்கள் அச்சொல்லுக்கு மாறாக 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்றே எழுதலாம் என்று நடுவண் அமைச்சகம் அறிவுரை கூறியபோது மறுப்பும் எழுந்தது. ஒன்று சட்டம் தந்த பெயர். மற்றொன்று நாமே எடுத்துக்கொண்ட பெயர். இராஜா அவர்கள் இரு சொற்களை இடமறிந்து ஆண்டதை இங்கும் நினைவில் கொள்க.

நம் ஊரில் இச்சொற்கள்

பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த நம் பகுதி 1993இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. இங்கு நம் மக்களிடையே ஆங்கிலக் கல்வி மிஷன் பள்ளிகள் வழியாகவும் அரசாங்கப் பள்ளிகள் வழியாகவும் பரவியது. திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்ற சுவாமி சகஜானந்தர் அவர்களே 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டவர். அம்மரபில் வந்த நாம், நம் ஊரில் வழங்கும் சில சொற்களையும் ஆராய வேண்டும்.

'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்க. இலத்தீனில் உழவரின் குடியிருப்பு என்பது அதன் வேர். விழுப்புரத்தில் ரயில்வே காலனி என்றால் மதிப்பு. கிராமத்தில் காலனி என்று மட்டும் சொன்னால் அது நம் தெரு. சொல்பவர் குரலும் மாறும். ஒரே சொல் ஓரிடத்தில் முகவரி, வேறிடத்தில் அடையாளக் குறி. 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் அச்சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். சொல் போவது நன்றே. அதனோடு குரலின் மாற்றமும் போக வேண்டும்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அந்நாளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம்மிடையே உள்ளனர். இத்தகைய கொடுமையை எழுதப் புகுவோர் கையில் ஆங்கிலச் சொற்கள் பல உள. 'கிளாஷ்' என்றால் இரு பக்கமும் மோதின என்றாகும். 'ரயட்' என்றால் கூட்டம் ஒழுங்கு குலைந்தது என்றாகும். 'அட்டாக்' என்றால் ஒரு பக்கம் தாக்கியது என்றாகும். 'மாஸக்கர்' என்றால் காக்க வழியற்றோரைக் கூட்டமாய்க் கொன்றனர் என்றாகும். தமிழில் மோதல், கலவரம், தாக்குதல், படுகொலை என்பவை இவற்றுக்கு இணை. முதற்சொல்லை எழுதினால் குற்றம் இருபாலார்க்கும் பங்காகும். இறுதிச் சொல்லை எழுதினால் இறந்தவர் பக்கம் நீதி நிற்கும். பின்னால் வரும் பிள்ளைகள் நிகழ்ச்சியைக் காணப் போவதில்லை. சொல்லைத்தான் காணப் போகிறார்கள்.

சட்டங்களின் பெயர்களும் இவ்வாறே. 1955இல் வந்தது தீண்டாமைக் 'குற்றங்கள்' சட்டம். அதுவே 1976இல் குடியுரிமைப் 'பாதுகாப்பு'ச் சட்டம் எனப் பெயர் மாறியது. 1989இல் வந்ததோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 'அபென்ஸ்' என்ற பொதுச் சொல்லினின்று 'அட்ராசிட்டி' என்ற கடுஞ்சொல்லுக்கு வர நாட்டுக்கு 34 ஆண்டுகள் ஆயின.

இச்சட்டத்தில் நம் இளைஞர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 'பப்ளிக் வியூ'வில், அதாவது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது 'பப்ளிக் பிளேஸ்', அதாவது பொது இடம் என்பதினின்று வேறு. 2008இல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. ஒருவர் வீட்டு வாயில் தனியார் இடமே. ஆயினும் தெருவில் செல்வோர் காணுமாறு அங்கு நடந்தால் அது பொதுப் பார்வைக்கு உட்பட்டது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பிறர் எவரும் இல்லாது நான்கு சுவருக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்டது அவ்வகையில் அடங்காது என்றது. எனவே புகார் எழுதும்போது எங்கு நடந்தது என்பதோடு, யார் யார் காண நடந்தது என்பதையும் எழுதுதல் வேண்டும். வெறும் 'தகராறு' என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு அச்சொல்லிலேயே மெலிந்துவிடும்.

இளைஞர்க்கு ஒரு சொல்

கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் 'கன்செஷன்' என்ற சொல்லை அடிக்கடி எழுதுகின்றனர். அது சலுகை, கொடுப்பவன் விரும்பினால் கொடுப்பது. 'ரைட்' என்பது உரிமை. கொடுக்கக் கடமைப்பட்டவன் ஒருவன் உண்டு என்று காட்டுவது. உயர்கல்விக்கு நடுவண் அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியபோது, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராய் இருந்தார். வாதாடிப் பெற்றதனை இரந்து பெற்றதாக எழுதலாமோ? விண்ணப்பத்தில் பணிவு இருக்கட்டும். பணிவுக்கும் இரப்புக்கும் இடையே உள்ள வேறுபாடும் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் எழுத அமரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்க. இச்சொல் செய்தவனைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? இச்சொல்லுக்குச் சட்டத்தில் தனிப்பொருள் உண்டா? இதே நிலையில் உள்ள வேறொருவரைப் பற்றியும் இச்சொல்லையே எழுதுவார்களா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் எழுதினால் பிழை நேராது. ஐயம் எழுந்தால், பொருளை மட்டும் தரும் சிறு கையகராதியை நம்பாது, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் பேரகராதியைப் புரட்டுக. நம் சங்கத்தின் படிப்பகத்தில் அத்தகைய அகராதி ஒன்றும், சட்டங்களின் தமிழ் ஆங்கிலப் பதிப்புகளும் எந்நாளும் இருத்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இறுதியாக இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் செயல் ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். 1924இல் சென்னைச் சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, தெரு, கிணறு, அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அத்தீர்மானத்தில் அவர் 'பறையர்' என்றோ, 'ஆதிதிராவிடர்' என்றோ, 'டிப்ரெஸ்ட்' என்றோ வரையறுக்கவில்லை. எவ்வகுப்பையோ சமூகத்தையோ சேர்ந்த எந்த மனிதரும் என்று பொதுவாக அமைத்தார். 'பறையன்' என்று இதழுக்குப் பெயரிட்டவர், நடக்கும் உரிமை கேட்டபோது 'எனி பெர்சன்' என்பதே போதும் என்று கொண்டார். இடங்களை எண்ணிப் பெறுவதற்கு அட்டவணைப் பெயர் வேண்டும். கொடுமையை எடுத்துரைக்க ஒடுக்கப்பட்டோர் என்ற பெயர் வேண்டும். தெருவில் நடக்க மனிதன் என்ற பெயர் போதும். எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை அறிய நம் பிள்ளைகள் இரு மொழிகளையும் ஆழ்ந்து கற்பார்களாக.